பிசிறில்லாத வில்லைகள்

அத்தையின் கைக்கு எந்தக் காசு வந்தாலும், அது எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்பே அவள் கட்டைவிரல் நகம் அதன் விளிம்பை ஒரு முறை சுற்றி வந்துவிடும். பஸ்ஸில் கண்டக்டர் தரும் மீதி, மருந்துக்கடைச் சில்லறை, நான் பரீட்சையில் தேறியதற்காக என் கையில் வைக்க எடுத்த காசு, எல்லாவற்றுக்கும் அதே சோதனைதான். ஒருமுறை காய்கறிக்காரர் பொறுமையிழந்து, "ஏம்மா, நான் என்ன வீட்டுல அச்சடிச்சா குடுக்கறேன்?" என்று கேட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தையின் முகம் வெளுத்துப்போனது. வாங்கிய காய்கறியைப் பையோடு அங்கேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். திரும்பிப் போய்ப் பையை எடுத்துவந்தவள் நான்தான். ஒரு கேலிக்கு இவ்வளவா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

தொழில் பழக்கம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் டிப்போவின் காசறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். கண்டக்டர்கள் கொண்டுவரும் தோல்பைகளை அங்கே துத்தநாகத் தகடு அடித்த மேஜைமேல் கவிழ்ப்பார்கள். நான்கு பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, பள்ளம் வெட்டிய மரத்தட்டுகளில் காசுகளை அடுக்குவார்கள். ஒரு பள்ளத்துக்கு ஐம்பது. அவர்கள் போட்டுக்கொள்ளும் மேலங்கியில் பாக்கெட் கிடையாது. வெளியே வரும்போது இரண்டு கைகளையும் விரித்து வாசல்காரரிடம் காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்தபிறகும் சில நாள் அத்தை வாசற்படியில் கையை விரித்துக் காட்டிவிட்டு, தானே சிரித்துக்கொள்வாள்.

பள்ளத்தில் பொருந்தாதவை ஒரு தகர டப்பாவுக்குப் போகும். வாஷர், பித்தானின் அடித்தகடு, வேற்று நாட்டுக் காசு, அவற்றோடு பழைய கடை வில்லைகள். அந்த வில்லைகளைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அத்தை காசாளரிடம் கேட்டிருக்கிறாள்.

"எடுத்துக்கோம்மா. ஆனா ஒண்ணொண்ணுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடு. இல்லாட்டி நாளைக்கு டிப்போவையே தூக்கிட்டுப் போயிட்டேன்னு எவனாவது கிளப்பி விடுவான்" என்றாராம் அவர்.

அன்றிலிருந்து அங்கே அவளுக்குப் பெயர் 'செல்லாக்காசு'. "செல்லாக்காசு வந்தாச்சு, டப்பாவைத் திறங்கப்பா" என்பது காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

அந்த வில்லைகளின் கதை இதுதான். யுத்த காலத்தில் சில்லறை காணாமல் போயிற்று. உலோகம் குண்டுக்குப் போனது பாதி, பயந்துபோனவர்கள் பானையில் பதுக்கியது பாதி. சோப்பு வாங்க நோட்டு கொடுத்தால் மீதி தரக் கடைக்காரரிடம் ஒன்றும் இல்லை. முதலில் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு மழையில் கரைந்தது, எலி தின்றது. அப்புறம் ஒவ்வொரு கடையும் தன் பெயரும் மதிப்பும் பொறித்துத் தகரத்திலோ பித்தளையிலோ அட்டையிலோ வில்லை போட ஆரம்பித்தது. சில்லறை திரும்பி வந்ததும் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம் என்பது வாக்கு. அந்த வாக்கை நம்பி ஊரே இரண்டு வருஷம் ஓடியது.

அத்தையிடம் நாற்பத்திரண்டு கடைகளின் வில்லைகள் இருந்தன. ரொட்டிக்கடை, சவரக்கடை, மரப்பட்டறை, ஒரு பல் டாக்டருடையதுகூட. பிஸ்கட் டப்பாக்களில், கடைக்கு ஒரு காகித உறை. யார் கேட்டாலும் காட்டுவாள். ஒரு டப்பாவை மட்டும் காட்டமாட்டாள். அது லாந்தர் கடையுடையது. விளக்கும் மண்ணெண்ணெயும் சோப்பும் விற்ற கடை. பித்தளை வில்லை, நடுவே ஒரு லாந்தர், சுற்றி எழுத்து. அந்த டப்பாவுக்குப் பூட்டு இருந்தது.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வேலைக்கு மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. "சும்மாதானே இருக்கே, என் வில்லைக்கெல்லாம் ஒரு பட்டியல் எழுதிக் குடுடி" என்று அத்தை கூப்பிட்டாள். அப்படித்தான் அந்தக் கடிதம் வந்தபோது நான் அவளோடு இருந்தேன்.

எழுதியவர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். அவரும் வில்லை சேர்ப்பவர். தபாலிலேயே இருவரும் பல வருஷமாக, தங்களிடம் இரண்டாக இருந்த வில்லைகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரின் யுத்த கால வில்லைகளைப் பற்றி ஒரு புத்தகம் போடப்போவதாகவும், லாந்தர் கடைப் பக்கத்தை மட்டும் அனுப்புவதாகவும், பிழை இருந்தால் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார். நான் சத்தமாகப் படித்தேன்.

"இக்கடையின் வில்லைகளில் இரு வகை காணப்படுகிறது. விளிம்பில் பிசிறு உள்ளது முதல் வெளியீடு. விளிம்பு வழவழப்பாக உள்ளது இரண்டாம் வெளியீடு. உரிமையாளர் தாம் அறிவித்த ஐநூறுக்கு மேல் இரகசியமாக வெளியிட்டு மக்களை ஏமாற்றினார் என்று ஊரில் சொல்லப்பட்டு வருவது இதனால் உறுதியாகிறது."

அத்தை கையிலிருந்த உறையைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை படி" என்றாள். படித்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

"ரெண்டாவது வெளியீடு இல்லைடி. அது எங்கப்பா பண்ணது."

தாத்தா தகர வேலைக்காரர் என்று எனக்குத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டவர். லாந்தர் கடைக்காரர் ஐநூறு வில்லை அடிக்கச் சொன்னது அவரிடம்தான் என்பது எனக்குப் புதிது. பேசிய கூலி அற்பம். அந்தக் கூலிக்கு இது போதும் என்று வெட்டிய விளிம்பை அரம்கூடப் போடாமல் அப்படியே கொடுத்திருக்கிறார். வேலை முடிந்ததும் கடைக்காரர் அச்சைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்தாராம்.

"அச்சைத் திருப்பிக் குடுத்துட்டார். கையைத் திருப்பிக் குடுக்க முடியுமா?" என்றாள் அத்தை.

ஆறு மாதம் கழித்து வேலை சுத்தமாக நின்றுபோனது. தகடு கிடைக்கவில்லை. வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. தாத்தா நினைவிலிருந்தே இன்னோர் அச்சு வெட்டி, பழைய பித்தளைப் பாத்திரத்தை அறுத்து வில்லை அடித்தார். நூற்றெழுபது. எழுத்திலோ லாந்தரிலோ யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தனக்காகச் செய்த வேலையில் பிசிறை விட்டுவைக்க அவருக்குக் கை வரவில்லை. ஒவ்வொன்றையும் அரம் போட்டு, மணல் தேய்த்து வழவழப்பாக்கினார். திருட்டு வில்லை நிஜ வில்லையைவிட நன்றாக இருந்தது.

"எவனாவது நோட்டை அடிச்சு, அதை நிஜத்தைவிட அழகா அடிப்பானா? எங்கப்பா அடிச்சார்." அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அப்போது அத்தைக்கு ஒன்பது வயது. வில்லைகளைக் கடைக்குக் கொண்டுபோனது அவள்தான். சில்லறை திரும்பி வந்தபோது லாந்தர் கடைக்காரர் வாசலில் பலகை எழுதி வைத்து மாற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஐநூறும் வந்து தீர்ந்தது. வாசலில் இன்னும் வரிசை நின்றது. சரக்கை விற்று மேலும் நூறு வில்லைக்குப் போலக் கொடுத்தார். அப்புறம் கதவை இழுத்து மூடினார். கல் விழுந்தது. திருடன் என்று சுவரில் கரியால் எழுதினார்கள். நிஜ வில்லை வைத்திருந்தவர்கள் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். தாத்தாவின் வில்லைகளோ பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே காசாகிவிட்டிருந்தன.

பூட்டிய டப்பாவைத் திறந்தாள். ஒரு பக்கம் வழவழப்பானவை பதினெட்டு. தப்பித்து ஊருக்குள் சுற்றியவை. யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று பொறுக்கியெடுத்தவை. மறுபக்கம் பிசிறுள்ளவை அறுபத்தொன்று. பஸ்ஸில் செல்லாத காசாகப் போடப்பட்டு, டிப்போவின் தகர டப்பாவுக்கு வந்து சேர்ந்தவை.

"இது ஒவ்வொண்ணும் அன்னிக்கு வெறுங்கையோட போன ஒரு ஆள்" என்றாள். அந்த நகம் எதைத் தேடிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புத்தகத்தில் அந்த வரி அச்சாகக் கூடாது. பதில் எழுதச் சொன்னாள். எழுதினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் படித்தாள்.

"'யாரோ ஒருவர் போலி செய்ததாக அறிகிறோம்'. யாருடி அந்த யாரோ?"

"எதுக்கு அத்தை விவரமெல்லாம்? விஷயம் தெரிஞ்சா போதாதா?"

"எங்கப்பாவை யாரோ ஆக்கிட்டே. அந்த மனுஷன் பேர் மட்டும் புத்தகத்துல பளிச்சுன்னு திருடன்னு வரணும், நம்ம ஆள் யாரோவா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. என் மனுக்களில் தகப்பன் வழி விவரம் கேட்கும் கட்டங்கள்தான் அதை எழுதும்போது என் கண்முன் நின்றன. தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அப்பாவுக்குத் தெரிந்தபோது அவர் கத்தினார். "செத்துப் போனவரை எதுக்குக்கா தோண்டி எடுக்கறே? அவர் திருடினதுலதான் நானும் வளர்ந்தேன், அதுக்காக என்னையும் எழுதிக் குடுப்பியா?"

"நீ அப்ப தொட்டில்ல இருந்தே. உன்னை எழுதினா எவன் நம்புவான்?" என்றாள் அத்தை.

மாஸ்டரின் பதில் பத்தாம் நாள் வந்தது. திருத்திவிடுகிறேன், ஆனால் லாந்தர் கடைக்காரரின் மகன் உயிரோடு இருக்கிறார், மார்க்கெட் ஓரத்தில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறார். இதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது முறையல்ல. அச்சுக்குப் போக இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள்.

அத்தை அன்றே முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டாள். கிளம்பவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் கழித்து என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சின்னக் கடை. மகனுக்கு அத்தையின் வயதுதான் இருக்கும். ஒல்லியாக, பேச்சுக்காரராக இருந்தார். அத்தை வாயைத் திறந்தாள். "ஒரு பல்பு குடுங்க" என்று வந்தது.

அவர் பல்பை எடுத்து, சுவரில் இருந்த ஹோல்டரில் மாட்டி எரியவிட்டுக் காட்டினார். கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தார். பில் எழுதி, கூட்டலை எங்கள் முன்னால் இரண்டு தடவை போட்டார்.

"ஒரு பல்புக்கு இவ்வளவு சோதனையா?" என்றேன்.

"என்னம்மா பண்றது? எங்கப்பா ஊரை ஏமாத்தினார்னு பேரு. அவர் பங்குக்கும் சேர்த்து நான் ஒழுங்கா இருக்க வேண்டியிருக்கு." ஜோக் சொல்வது மாதிரிதான் சொன்னார். பலமுறை சொல்லிப் பழகிய ஜோக். "சாகற வரைக்கும் அவர் சொன்னது ஒண்ணுதான். ஐநூறுதான்டா அடிச்சேன், எண்ணினதுல எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்னு. அம்மாவே நம்பல. நானும்தான். கடைசி நாள்லகூட விரல் விட்டு எண்ணிட்டிருந்தார்."

அத்தை, "இன்னொரு பல்பு குடுங்க" என்றாள்.

அடுத்த வாரமும் போனோம். அதற்கு அடுத்த வாரமும். வழியெல்லாம் அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவாள். கடை வாசலில் யாராவது வாடிக்கையாளர் நின்றால் ஒரு நிம்மதி அவள் முகத்தில் தெரியும். அவர் போனதும் மறுபடியும் வியர்க்கும். பல்பு, ஸ்விட்ச், ஒயர், ஒருமுறை அழைப்பு மணி. மகன் அவளை நல்ல வாடிக்கையாளர் என்று எண்ணி ஸ்டூல் எடுத்துப்போட ஆரம்பித்தார். அதுவே அவளைக் கொன்றது. எங்கள் அலமாரியில் பதினோரு பல்புகள் சேர்ந்தன.

"அக்கா, சினிமா தியேட்டர் ஏதாவது கட்டப்போறியா?" என்று அப்பா கேட்டார். அவளுக்கு ராத்தூக்கம் போயிருந்தது. சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தாள். மாஸ்டரிடமிருந்து கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறேன், சொல்லிவிட்டீர்களா?

வியாழக்கிழமை பூட்டிய டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். கடையில் யாரும் இல்லை. ஸ்டூலில் உட்காரவில்லை. டப்பாவைத் திறந்து கண்ணாடி மேஜைமேல் வைத்தாள்.

"ஐயா, உங்கப்பா எண்ணினது சரி. ஐநூறுதான். மீதியை அடிச்சது எங்கப்பா."

மகன் சிரித்தார், ஏதோ வேடிக்கை என்று நினைத்து. அத்தை பிசிறுள்ளது ஒன்றையும் வழவழப்பானது ஒன்றையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள். விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். தகர வேலை, கூலி, அச்சு, நூற்றெழுபது, எல்லாம் சொன்னாள். நிற்காமல் சொன்னாள். அவர் ஒன்றை மாற்றி ஒன்றைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு கடையின் பாதிக் கதவை இழுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அப்படின்னா அவர் தப்பா எண்ணல" என்றார்.

"இல்லைங்க."

"நாங்க அவரைக் கணக்குத் தெரியாதவர்னு கேலி பண்ணுவோம். அம்மா சாப்பாடு போடும்போதுகூட, 'எத்தனை கரண்டி, எண்ணிக்கோங்க'ம்பா." அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "அப்ப உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"ஒன்பது."

"ஒன்பது வயசுக் குழந்தை. உங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? எதுவும் தெரிஞ்சிருக்காது."

அத்தை தலையாட்டினாள்.

ஒரு கவரில் பணம் கொண்டுவந்திருந்தாள். அவர் தொடவில்லை. "எங்கப்பா கணக்கு சரியாப் போச்சு. அதுக்கு மேல என்ன வேணும்? பல்பு வேணும்னா மட்டும் காசு குடுங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

எனக்குப் பாரம் இறங்கியிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், "முடிஞ்சுது அத்தை" என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"முடியலைடி. தெரியாதுன்னு தலையாட்டிட்டேன்."

அப்போதுதான் எனக்கும் சொல்லாததைச் சொன்னாள். மாற்றிக் கொடுத்த இரண்டாம் நாள், அவள் வரிசையில் நின்று முப்பது வில்லைகளை நீட்டியிருக்கிறாள். லாந்தர் கடைக்காரர் எண்ணிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். ஒன்றை விரலால் தடவினார். இன்னொன்றைத் தடவினார். குனிந்து அவள் முகத்தைப் பார்த்து, கோபமே இல்லாமல், "இது எங்கேயிருந்தும்மா வந்துது?" என்று கேட்டார்.

"தாத்தா சொல்லிக் குடுத்தாரா என்ன சொல்லணும்னு?" என்று கேட்டேன்.

"இல்லை. அவர் ஒண்ணுமே சொல்லிக் குடுக்கல. நானாத்தான் சொன்னேன். 'நீங்கதானே மாமா எங்கம்மாவுக்குக் குடுத்தீங்க, நான் பக்கத்துல நின்னேனே'ன்னு. அழுத மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டேன். அவர் பயந்துபோய், 'சரி சரி, நான்தான் மறந்துட்டேன்'னு சொல்லிக் காசை எண்ணிக் குடுத்துட்டார். அவருக்குத் தெரிஞ்சுதுடி. கையில பிடிச்சுட்டார். நான்தான் அதை விடவெச்சேன். அதுக்கப்புறம்தான் அவர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பிச்சது."

பஸ்ஸில் எங்களைத் தவிர நாலு பேர்தான் இருந்தார்கள். ஒன்பது வயதுதானே என்று சொல்ல வாய் வந்தது. அதைத்தான் அவரும் சொன்னார் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"அடுத்த வாரம் இன்னொரு தடவை போகணும்" என்றாள்.

அடுத்த வாரம் அவளுக்குச் சளி பிடித்தது. பத்து நாளில் அது நெஞ்சுக்கு இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் போகும்போதெல்லாம் இரண்டு கேள்விதான். புத்தகம் வந்துவிட்டதா? அவர் கடை எத்தனை மணிக்கு மூடுவார்? டாக்டரிடம், "ஒரு மணி நேரம் விட்டா போதும், மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று கெஞ்சினாள். அவர் அதைக் குணமாகும் அறிகுறி என்று எங்களிடம் சொன்னார்.

"நான் போய்ச் சொல்லட்டுமா அத்தை?"

"நீ சொன்னா சேதிடி. பொய் சொன்ன வாய் உன்னுதில்லையே."

"அப்ப அவரை இங்கே கூட்டிட்டு வரேன்."

"வேண்டாம். இப்படிப் படுத்துக்கிட்டுச் சொன்னா பாவம் பாத்து மன்னிச்சிடுவார். அது இன்னொரு திருட்டு." மூச்சு வாங்கியது. "நின்னுக்கிட்டுச் சொல்லணும். எழுந்து நிக்க விடுங்க, போதும்."

மூன்றாம் வாரம் போய்விட்டாள்.

புத்தகம் அதற்குப் பிறகுதான் வந்தது. லாந்தர் கடைப் பக்கத்தில் தாத்தாவின் பெயர், தொழில், எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தன. அப்பா அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை இறந்தது அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருந்தது. பத்துப் பிரதி வாங்கி மார்க்கெட் முழுக்கக் கொடுத்தேன் என்றார். எதிர்க்கடைக் கிழவர், தன் அப்பா அன்று கல் எறிந்ததற்காக என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டார் என்றார். அதைச் சொல்லும்போது சின்னப் பையன் மாதிரி இருந்தது முகம். காப்பியை ஆறவிட்டுவிட்டு அத்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா அந்தம்மா என்ன பண்ணுவாங்க? ஒண்ணும் அறியாத குழந்தை. அறியாம செஞ்சதுக்கு வாழ்க்கை பூரா மறுகியிருக்காங்க, பாருங்க. இல்லையாம்மா?"

என் பதிலுக்காக என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. காப்பியைச் சூடுபண்ணித் தருகிறேன் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவர் அப்பா குனிந்து கேட்ட கேள்விக்கு அத்தை சொன்ன பதில் பொய் என்பதை, அத்தை அவரிடம் சொல்லவேயில்லை. அந்தக் கடன் அப்படியே நிற்கிறது.